வள்ளலார் சர்வதேச மையம்: பெருவெளியிலா, வெளியிலா, வேறு ஊர்களிலா?

வடலூரில் அரசு கட்ட நினைக்கும் வள்ளலார் சர்வதேச மையத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஆட்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். வள்ளலாருக்காக நூறு கோடி செலவழிக்க ஒரு அரசு முன்வந்தால் அதையும் தடுக்கிறார்களே என்று ஒரு பக்கம் கோபம். சத்திய ஞான சபையைச் சுற்றிய பெருவெளியில் ஒரு செங்கல் விழக்கூடாது என்று இன்னொரு பக்கம் உறுதி. கட்டலாமா வேண்டாமா என்பதிலேயே சண்டை நின்றுவிடுவதால், எதை எங்கே கட்டுவது என்ற பேச்சு வருவதே இல்லை. நான் பார்த்தவரையில் நான்கு வழிகள் இருக்கின்றன, நான்கிலும் வில்லங்கம் இருக்கிறது. எனக்கு எது பிடித்திருக்கிறது என்பதை மறைக்காமல் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் போனாலும் பரவாயில்லை.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. வள்ளலார் என்கிற இராமலிங்க அடிகள் 1867 மே 23ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது, வருகிறவர்களுக்குச் சாப்பாடு நடக்கிறது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, எண்கோண வடிவில் சத்திய ஞான சபை. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று அங்கே முதல் ஜோதி தரிசனம். சபையைச் சுற்றியிருக்கும் திறந்தவெளிதான் பெருவெளி. இந்த நிலத்தைக் கொடுத்தவர்கள் பக்கத்துப் பார்வதிபுரம் கிராமத்து மக்கள். 80 காணி என்று சொல்வார்கள். காணி ஒன்றுக்கு 1.32 ஏக்கர் என்று போட்டால் ஏறக்குறைய 106 ஏக்கர் வரும். இப்போது கையில் இருப்பது சுமார் 70 ஏக்கர்தான். மீதி எப்படிப் போனது என்பதே தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. இந்த மையத்தை வாக்குறுதியாகக் கொடுத்தது. 99.90 கோடி ரூபாய் மதிப்பீடு. 2024 பிப்ரவரி 17ஆம் தேதி முதலமைச்சர் காணொலி வழியாக அடிக்கல் நாட்டினார். ஏப்ரலில் பெருவெளியில் பள்ளம் தோண்டியபோது பார்வதிபுரம் மக்கள் அந்தப் பள்ளத்திலேயே இறங்கிப் போராடினார்கள், கைதானார்கள். தோண்டிய இடத்தில் பழைய கட்டுமானம் போல ஒன்று தென்படுகிறது என்று பேச்சு கிளம்பி, தொல்லியல் வல்லுநர்களை வைத்துப் பார்க்கச் சொல்லும் அளவுக்கு உயர் நீதிமன்றத்தில் வழக்கு போனது. நாடாளுமன்றத் தேர்தல் நேரம் வேறு. பா.ம.க., நாம் தமிழர் என்று கட்சிகளும் இறங்கின. வழக்கின் நுணுக்கங்களுக்குள் நான் போகவில்லை. சட்டப்படி கட்ட முடியுமா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். கட்ட முடிகிற இடத்திலெல்லாம் கட்டித்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கட்சிகள் வந்ததாலேயே இது அரசியல் எதிர்ப்பு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்சிக்காரர்கள் தேர்தல் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். பள்ளத்தில் இறங்கியவர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள், தங்கள் முன்னோர் எழுதிக்கொடுத்த நிலம் என்பதற்காக இறங்கியவர்கள். அதே சமயம் வள்ளலார் வழியில் நடக்கிற சன்மார்க்கிகள் எல்லாருமே எதிர்க்கிறார்கள் என்பதும் உண்மை இல்லை. மையம் வந்தால் வள்ளலார் பெயர் உலகத்துக்குப் போகும், வருகிற அன்பர்களுக்கு வசதி கிடைக்கும் என்று மனதார ஆதரிக்கிற சன்மார்க்க சங்கத்தினரும் இருக்கிறார்கள். அவர்களை விலைபோனவர்கள் மாதிரி பேசுவது அநியாயம்.

சரி, முதல் வழி: திட்டமிட்டபடி பெருவெளியிலேயே கட்டுவது.

இதற்குச் சாதகமாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. நிலம் ஏற்கெனவே வள்ளலார் தெய்வ நிலையத்தின் பெயரில், அறநிலையத்துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. யாரிடமும் நிலம் எடுக்க வேண்டாம், இழப்பீட்டுத் தகராறு இல்லை. வயதானவர்கள் சபையைப் பார்த்துவிட்டு நாலு எட்டு நடந்தால் நூலகம், தியான மண்டபம், காட்சிக்கூடம் எல்லாம் வந்துவிடும். 70 ஏக்கரில் கட்டடங்கள் பிடிக்கப்போவது சிறு பகுதிதான் என்று அரசுத் தரப்பு சொல்கிறது, கணக்குப்படி அது சரியாகவே இருக்கட்டும். காகிதத்தில் பார்த்தால் நான்கு வழிகளில் மிகச் சுலபமானது இதுதான், அதனால்தான் அதிகாரிகள் இதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்றும் நினைக்கிறேன்.

ஆனால் பெருவெளியைச் சும்மா கிடக்கும் இடமாக நினைத்தால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும். தைப்பூசத்தன்று அங்கே என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காலை 6 மணி, 10 மணி, பகல் 1 மணி, இரவு 7 மணி, 10 மணி, மறுநாள் விடியற்காலை 5.30 என ஆறு தடவை ஏழு திரைகளை நீக்கி ஜோதி காட்டுகிறார்கள். சபையோ சின்னது. கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. வருகிற கூட்டம் லட்சக்கணக்கில். அவ்வளவு பேரும் எங்கே நின்று ஜோதியைப் பார்க்கிறார்கள்? பெருவெளியில்தான். கறுப்பு, நீலம், பச்சை என்று ஒவ்வொரு திரையாக விலகும்போது கூட்டம் மொத்தமும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறது. கோயில்களில் பிராகாரமும் மண்டபமும் கூட்டத்தைத் தாங்குகிற மாதிரி இங்கே அந்த வேலையைச் செய்வது திறந்தவெளி. அன்பர்கள் இன்னொன்றையும் சிறப்பாகச் சொல்வார்கள்: தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், விடியும் நேரத்து ஜோதியின்போது கிழக்கே சூரியன் கிளம்ப, மேற்கே நிலா இறங்க, நடுவில் சபை. இதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டாலும் சரி, வெறும் காட்சி என்று எடுத்துக்கொண்டாலும் சரி, அடிவானம் தெரிந்தால்தான் அது உண்டு. இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று போதும், ஒரு பக்கத்து வானத்தை மறைக்க.

அப்புறம் கட்டடம் என்பது தனியாக வராது. அதற்கு ஒரு பாதை வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், மின்மாற்றி, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், காவலாளி அறை, சுற்றுச்சுவர், சுவரில் ஒரு கேட், கேட்டுக்குப் பூட்டு. கட்டடத்தின் பரப்பளவை மட்டும் ஏக்கரில் சொல்லி, சிறு பகுதிதான் என்பது இதனால்தான் எனக்கு ஒட்டவில்லை. பத்து வருடம் கழித்து இன்னொரு அரசு வந்து, ஏற்கெனவே கட்டடம் இருக்கிற இடம்தானே என்று அடுத்த மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினால் அன்றைக்கு எந்த முகத்தோடு மறுப்பது? 106 ஏக்கர் 70 ஆனதும் ஒரே நாளில் நடந்திருக்காது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறு. காசியில் விஸ்வநாதர் கோயிலைச் சுற்றி வெளி வேண்டும் என்று முன்னூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களை விலைக்கு வாங்கி இடித்து, 2021 டிசம்பரில் வளாகத்தைத் திறந்தார்கள். பூரியில் ஜகந்நாதர் கோயிலின் மதிலைச் சுற்றி 75 மீட்டருக்கு இடம் ஒதுக்கப் பழைய மடங்களைக்கூட இடித்தார்கள். 2019இல் ஏமார் மடம் இடிபட்டபோது எழுந்த எதிர்ப்பு கொஞ்ச நஞ்சமில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2024 ஜனவரியில் அந்தச் சுற்றுப்பாதையைத் திறந்தார்கள். அந்த இரண்டு ஊரிலும் செய்த விதம் சரியா என்பது தனி விவாதம், நிறையப் பேர் வீட்டையும் கடையையும் இழந்தார்கள். ஆனால் புனிதத்தலத்தைச் சுற்றித் திறந்தவெளி வேண்டும் என்பதற்காகப் பல நூறு கோடி கொட்டுகிற நாட்டில், 150 வருடத்துக்கு மேலாக அந்த வெளி இலவசமாகவே இருக்கிற ஒரே இடத்தில் நாம் கட்டடம் கட்டப் பார்க்கிறோம்.

நம் பக்கத்திலேயே திருவண்ணாமலை இருக்கிறது. 2023இல் ராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்டப்போவதாகக் கிளம்பியபோது ஊர்க்காரர்களும் பக்தர்களும் எதிர்த்தார்கள், அதுவும் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கடை வேண்டாம் என்று யாரும் அங்கே சொல்லவில்லை. கோபுரத்தை மறைக்காதே என்றுதான் கேட்டார்கள். வடலூரில் மறைப்பதற்குக் கோபுரம் இல்லை என்பதால் இங்கே எதுவும் மறையாது என்று நினைத்துக்கொள்கிறோமோ என்னவோ.

வள்ளலாரே இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஆளாளுக்கு அவர் வாயில் வார்த்தையைப் போடுகிறார்கள். அந்த விளையாட்டுக்கு நான் வரவில்லை. ஆனால் அவர் எழுதிவைத்த விதிகள் இருக்கின்றன. 1872 ஜூலையில் எழுதிய சபை வழிபாட்டு விதியில், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களும் எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களும்தான் உள்ளே போய்த் தூசு துடைக்க வேண்டும் என்கிற அளவுக்கு நுணுக்கமாக எழுதியிருக்கிறார். அவ்வளவு யோசித்தவர் சபையைச் சுற்றி இவ்வளவு இடத்தை வாங்கிச் சும்மா விட்டிருக்கிறார். கையில் பணம் இல்லாததால் கட்டாமல் விட்டுவிட்டார் என்று வாதாடலாம், நான் நம்பத் தயாராக இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு. சபைக்குள் சன்மார்க்கத்துக்கு மாறான சடங்குகளும் லிங்க வழிபாடும் நடக்கிறது என்று புகார் எழுந்தபோது, வள்ளலார் வகுத்த விதிப்படிதான் வழிபாடு நடக்கவேண்டும் என்று 2006இல் உத்தரவு போட்டது இதே அறநிலையத்துறைதான். 2010இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. சன்மார்க்கிகள் அந்த உத்தரவை இன்றும் நன்றியோடு சொல்வார்கள். அன்று நிறுவனர் வகுத்ததை அளவுகோலாக வைத்த துறை இன்று அதே அளவுகோலை வெளியே நிலத்துக்கும் நீட்டிப் பார்க்கலாம் என்று கேட்பதில் தப்பில்லை.

இரண்டாவது வழி, பெருவெளிக்கு வெளியே, ஆனால் வடலூரிலேயே கட்டுவது. எதிர்ப்பாளர்கள் பெரும்பாலோர் கேட்பது இதைத்தான். கேட்பதற்கு மிகச் சுலபமாக இருக்கும், செய்வதில்தான் சிக்கல்.

வடலூர் குக்கிராமம் இல்லை. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையும் கடலூர் – விருத்தாசலம் சாலையும் சந்திக்கிற ஊர், ரயில் நிலையம் இருக்கிறது, பக்கத்தில் நெய்வேலி. நிலம் விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிலம் கையகப்படுத்தினால் என்ன என்று சென்னையில் உட்கார்ந்து சொல்வது சுலபம், ஆனால் இது என்.எல்.சி. சுரங்கத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக நிலம் கொடுத்துச் சலித்துப்போன வட்டாரம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வைத்த நெற்பயிர் மேலேயே இயந்திரத்தை ஓட்டிக் கால்வாய் வெட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்து ஊரே கொதித்தது. பயிர் வாடுவதைப் பார்த்து மனம் வாடியவர் பெயரில் கட்டுகிற மையத்துக்காக இங்கே இன்னொரு விவசாயியிடமிருந்து கட்டாயமாக நிலம் பிடுங்கினால், அதற்குப் பெருவெளியிலேயே கட்டித் தொலைத்திருக்கலாம் என்பேன்.

ஆகவே இந்த வழிக்கு நான் ஒரு நிபந்தனை வைப்பேன்: கையகப்படுத்தல் கூடாது. விற்கச் சம்மதிக்கிறவரிடம் சந்தை விலைக்கு வாங்கலாம், அல்லது நகரத்துக்குள்ளோ ஓரத்திலோ அரசுப் புறம்போக்கு இருந்தால் எடுக்கலாம். தங்கும் விடுதி, முதியோர் இல்லம், சித்த மருத்துவ நிலையம் என்று திட்டத்தில் சொல்லப்பட்டவற்றுக்குச் சபை கண்ணுக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. மருத்துவ நிலையம் பெருவெளிக்குள் இருப்பதைவிடப் பேருந்து நிற்கிற சாலையோரத்தில் இருந்தால்தான் நோயாளிக்கு வசதி. முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கு மாதப் பூசத்துக்கும் தைப்பூசத்துக்கும் வாசலில் ஒலிபெருக்கியும் கூட்டமும் வேண்டுமா, தெருவில் ஒரு மளிகைக்கடை வேண்டுமா? ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் ஒரு சிற்றுந்து விட்டால் முடிந்தது.

இதற்கு வருகிற எதிர்வாதம் காலம் பற்றியது. இடத்தை மாற்றினால் மறுபடி மதிப்பீடு, மறுபடி நிர்வாக ஒப்புதல், மறுபடி ஒப்பந்தப்புள்ளி, அதற்குள் ஆட்சி மாறினால் திட்டமே காணாமல் போய்விடும் என்கிறார்கள். உண்மையான பயம்தான், அரசுக் கோப்பு எப்படி நகரும் என்று தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஆனால் பெருவெளியில் கட்டுவதால் காலம் மிச்சமாகும் என்பதும் நடக்கவில்லையே. அடிக்கல் நாட்டி இரண்டு மாதத்தில் போராட்டம், அதன் பின்னால் வழக்கு, ஆய்வு என்று இழுத்துக்கொண்டே போனது. சுலபமான இடம் என்று தேர்ந்தெடுத்ததுதான் கடைசியில் தாமதத்தையே கொண்டுவந்தது.

பெருவெளியிலிருந்து கைவிட்டுப் போன முப்பத்துச் சொச்சம் ஏக்கரை மீட்டு அதில் கட்டலாமே என்று ஒரு யோசனையும் உலவுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். எனக்கு இரண்டு தயக்கம். அந்த நிலத்தில் குடியிருப்பவர்கள் இருந்தால் அவர்களை மாற்று இடம் கொடுக்காமல் கிளப்புவது நடக்கக்கூடாது, அது பசித்தவருக்குச் சோறு போட்ட இடத்தின் பெயரில் நடப்பது இன்னும் மோசம். இரண்டாவது, மீட்ட நிலமும் அந்த 80 காணியைச் சேர்ந்ததுதான். எழுதிக்கொடுத்தவர்கள் இது சபைக்கு, அது கட்டடத்துக்கு என்று பிரித்துக் கொடுத்ததாக யாரும் சொல்லவில்லை. அளந்து கல் நடட்டும், சர்வே எண் வாரியாக யார் கையில் எது இருக்கிறது என்று வெளியிடட்டும். அதற்கு எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் தேவை இருக்கிறது. கட்டடத்துக்கான இடமாக அதை நினைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. மையத்தை ஒரே இடத்தில் குவிக்காமல் பிரித்துவிடுவது.

வள்ளலார் வாழ்ந்தது ஒரே ஊரில் இல்லை. 1823 அக்டோபர் 5ஆம் தேதி பிறந்தது சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூர். வளர்ந்ததும், வாழ்நாளில் பெரும்பகுதி இருந்ததும் சென்னையில், ஏழுகிணறு வீராசாமி தெருவில். அப்புறம் கருங்குழியில் பல ஆண்டு. தண்ணீரில் விளக்கு எரிந்ததாகச் சொல்வது அங்கேதான். தருமச்சாலையும் சபையும் வடலூரில். கடைசிக் காலம் மேட்டுக்குப்பம் சித்திவளாகம். 1873 அக்டோபரில் கொடி ஏற்றிப் பேருரை சொன்னது அங்கே, 1874 ஜனவரி 30ஆம் தேதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் அங்கே. ஐந்து இடத்துக்கும் ஐந்து வேலை இருக்கிறது. வாழ்க்கை வரலாற்றுக் காட்சிக்கூடம் மருதூரில் இருந்தால் வடலூருக்கு மட்டும் வந்து திரும்புகிறவர்கள் பிறந்த ஊரையும் எட்டிப்பார்ப்பார்கள். நூலகமும் ஆராய்ச்சிப் பகுதியும் சென்னையில் இருந்தால் வெளிநாட்டிலிருந்து வருகிற ஆய்வாளருக்கு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், பல்கலைக்கழகம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். சர்வதேச என்ற அடைமொழிக்கும் அதுதான் பொருத்தம். விமான நிலையத்தில் இறங்கியவர் நாலைந்து மணி நேரம் சாலையில் வந்து ஓலைச்சுவடியின் மின்படத்தைக் கணினித் திரையில் பார்க்க வேண்டுமா என்ன?

இதில் பலவீனமும் இருக்கிறது. ஐந்து இடத்தில் ஐந்து கட்டடம் என்றால் ஐந்து இடத்துக்கும் ஆள் போடவேண்டும், பராமரிக்க வேண்டும். நம் ஊரில் நினைவில்லங்கள் எப்படிக் கிடக்கின்றன என்று நமக்குத் தெரியும்: திறப்பு விழாவன்று கூட்டம், ஆறு மாதம் கழித்து ஒரு காவலாளியும் தூசு படிந்த படங்களும். மேட்டுக்குப்பத்தைப் பற்றி எனக்குத் தனியாகவே கவலை. தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள், வள்ளலார் கதவைச் சாத்திக்கொண்ட அறையைப் பார்க்கிற திருஅறை தரிசனத்துக்காக வடலூரிலிருந்து பேழையைத் தூக்கிக்கொண்டு கருங்குழி வழியாக ஊர்வலம் போகிறது. அன்று மேட்டுக்குப்பம் தாங்காது. சித்திவளாகத்தைத் திருமாளிகை என்று சொன்னாலும் அது சிறிய வீடு. அதை ஒட்டி நவீனத் தியான மண்டபம் என்று ஆரம்பித்தால் வடலூரில் தப்பித்த தப்பை அங்கே செய்தவர்கள் ஆவோம். ஆகவே பிரிப்பது என்றாலும் மேட்டுக்குப்பத்திலும் கருங்குழியிலும் கழிவறை, குடிநீர், நல்ல சாலை, இவ்வளவோடு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அரசியல் ரீதியாகவும் இது கொஞ்சம் சப்பென்று இருக்கும். ஒரே இடத்தில் பிரமாண்டமாக ஒன்று எழும்பினால்தான் திறப்பு விழாவுக்கு அழகு, ஐந்து ஊரில் ஐந்து சின்னக் கட்டடம் செய்தித்தாளில் கால் பக்கம்கூட வராது. அதிகாரிகள் இந்த வழியை விரும்பாததற்கு இதுதான் பெரிய காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

நான்காவது வழி எதையும் கட்டாமல் விடுவது. பெருவெளி பெருவெளியாக இருக்கட்டும், அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்கிறவர்கள் உண்டு. அவர்களுடைய ஆதங்கம் புரிகிறது, ஆனால் இது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. தைப்பூசத்தன்று குடும்பத்தோடு வந்து ராத்திரி தங்குகிற பெண்கள் கழிவறைக்கு என்ன பாடுபடுகிறார்கள் என்று பார்த்தால், ஒன்றுமே வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. தவிர, சும்மா விட்ட பெருவெளி அப்படியே இருந்துவிடவில்லை. 36 ஏக்கர் போனது சர்வதேச மையத்தால் இல்லை, யாரும் கவனிக்காமல் விட்டதால். வேலி இல்லை, அளவுக்கல் இல்லை, திருவிழா முடிந்தால் குப்பை. கட்டாதே என்று போராடுகிறவர்கள் காப்பாற்று என்றும் சேர்த்துப் போராடினால்தான் அந்தப் போராட்டம் முழுமையாகும்.

அப்படியானால் நான் என்ன சொல்கிறேன்? இரண்டையும் மூன்றையும் கலந்து எடுத்துக்கொள்வேன். விடுதி, முதியோர் இல்லம், சித்த மருத்துவம் மூன்றும் வடலூரில், 106 ஏக்கருக்கு வெளியே, விருப்பப்பட்டு விற்கிற நிலத்தில். நூலகமும் ஆய்வும் சென்னையில், காட்சிக்கூடம் மருதூரில். தருமச்சாலைக்கு வேண்டிய சமையற்கூட வசதி, உட்கார்ந்து சாப்பிடும் இடம், தானியக் கிடங்கு இவற்றை இப்போது தருமச்சாலைக் கட்டடங்கள் இருக்கும் எல்லைக்குள்ளேயே புதுப்பிக்கலாம். அதை யாரும் எதிர்ப்பதாகத் தெரியவில்லை. தியான மண்டபத்தை மட்டும் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். பெருவெளியில் ஒரு மூலையில் துண்டை விரித்து உட்கார்ந்தால் கிடைக்கிற அமைதியைக் குளிர்சாதன மண்டபம் கொடுக்காது, கூடவே அதற்கு மின்கட்டணம் வேறு.

பெருவெளிக்குள்? சாலையை ஒட்டிய விளிம்பில் கழிவறை, குடிநீர். ஓரத்தில் நிழலுக்கு மரம். அதுவும் சபைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வராத பக்கமாகப் பார்த்து. பந்தல், கடை, ராட்டினம் எல்லாம் திருவிழாவுக்கு வந்து திருவிழாவோடு போகட்டும்.

இது செலவைக் கூட்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நிலம் வாங்கினால் 99.90 கோடிக்குள் எல்லாம் அடங்காது, ஏதாவது ஒன்றைக் குறைக்க வேண்டிவரும். குறைக்க வேண்டுமென்றால் என் கையில் கத்திரியைக் கொடுங்கள், முதலில் அரங்கங்களை வெட்டுவேன், கடைசியாகத்தான் விடுதியில் கைவைப்பேன். வந்து தங்குகிறவர்களில் ஏழைகள்தான் அதிகம். அவர்களுக்கு ஒலி-ஒளிக் காட்சியைவிடப் பாயும் மின்விசிறியும் தண்ணீரும் முக்கியம்.

பார்வதிபுரம் மக்களே மனம் மாறி, சரி கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கொடுத்தவர்களின் வாரிசுகள் சம்மதித்தால் முதல் வழிக்கு எதிரான வாதங்களில் ஒன்று விழும், மறுக்கவில்லை. தைப்பூசக் கூட்டமும் அடிவானமும் பற்றிய வாதம் அப்படியே நிற்கும். அவர்கள் முன்னோர் கொடுத்தது தங்களுக்காக மட்டும் இல்லை. மலேசியாவிலிருந்து வருகிறவரும் மதுரையிலிருந்து வருகிறவரும் அதே வெளியில்தான் நிற்கிறார்கள். ஆனால் அவர்களைக் கேட்காமல் மேலே போவது எந்த வழியானாலும் தப்பு. வரைபடத்தைக் காணொலியில் காட்டிவிட்டு அடிக்கல் நாட்டுவதற்குப் பதிலாக, பார்வதிபுரத்தில் ஒரு பொது இடத்தில் பெரிதாக ஒட்டி, சங்கத்தினரையும் ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு, எந்தக் கட்டடம் எங்கே, எத்தனை அடி உயரம், சபை வாசலிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று முதலிலேயே பேசியிருந்தால் 2024 ஏப்ரலில் அந்தப் பள்ளத்தில் யாரும் இறங்கவேண்டி வந்திருக்காது.

நில அளவைக்கும் கழிவறைக்கும் எந்த வழி வெல்கிறது என்று காத்திருக்க வேண்டியதில்லை. வரும் தைப்பூசத்துக்குள் வருவாய்த்துறை 80 காணியையும் அளந்து கல் நடலாம். கட்டடமே இல்லாத நடமாடும் கழிவறைகளைப் போதுமான எண்ணிக்கையில் சாலையோரம் நிறுத்தி, மூன்று நாளும் தண்ணீர் நிற்காமல் வரவைக்கலாம்.